கார்பன் அணுக்கருவும் மாமாவின் கிளியரன்ஸும்

என் அவசரக்கார அக்காவுக்கு,

நீ கண்ணை மூடியபோது பத்து நாள் துணைக்கென்று ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தவள், இன்னும் இங்கேதான் இருக்கிறேன். காலையில் அம்பத்தூர் ஆபீஸ், மாலையில் உன் வீடு. எங்கேயும் ஒழுங்காக உட்கார்ந்த மாதிரி இல்லை. புனேயில் வேலை கிடைத்திருக்கிறது, ஆசைப்பட்டுத் தேடிய வேலை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் கிளம்பிவிட்டால் மாமாவும் தாரிணியும் என்ன ஆவார்கள்?

உன் புருஷனும் உன் மகளும் சண்டை போடுவதில்லை அக்கா. அதுதான் பயமாக இருக்கிறது. "சித்தி, அப்பா சாப்பிட்டாரான்னு கேளு" என்பாள், அவர் அடுத்த அறையில் இருக்கும்போதே. "நாளைக்கு ஸ்கூல் கீதான்னு பாப்பாவ கேளும்மா" என்பார் அவர். நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தாரிணி பதினொன்றாவது வந்துவிட்டாள். பள்ளிக் கண்காட்சிக்குக் கார்பன் அணுக்கரு செய்ய வேண்டும். ஆறு சிவப்பு தெர்மாகோல் உருண்டை புரோட்டான், ஆறு நீலம் நியூட்ரான். அவள் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுகிறவை. ஆனால் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிவிட்டால், அந்தத் தள்ளலைவிடப் பெரிய விசை ஒன்று பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் விலகினாலும் அந்தப் பிடி போய்விடும், தள்ளல் மட்டும் மிஞ்சும். நியூட்ரானுக்கு அந்தத் தள்ளல் கிடையாது, பிடிப்பில் மட்டும் பங்கு. படித்ததும் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும். அணுக்கருவை விட்டுத் தனியே வந்த நியூட்ரான் சராசரியாகக் கால்மணி நேரம்தான் தாங்குமாம், பிறகு புரோட்டானாகிவிடுமாம். நான் என்னவாக ஆவேன்?

ஞாயிறு காலை மாமா தானாகவே உட்கார்ந்து மாடலைச் செய்துவிட்டார். ராணுவ டாங்க் ஃபேக்டரி ஃபிட்டர் கை, கேட்க வேண்டுமா? உருண்டைகளைக் கம்பியில் கோத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே அளவாகச் சந்து விட்டிருந்தார்.

"இன்னாப்பா இது, கேப் கேப்பா கீது?"

"கிளியரன்ஸும்மா. ரெண்டு பார்ட்டு உரசிக்கினா தேஞ்சிடும்."

"ஐயோ, நீ செய்யறது டாங்க் இல்லப்பா! ஒட்டிக்கினு இருந்தாதான் நிக்கும். விட்டா தெறிச்சிடும். சித்தி, இவர்கிட்ட சொல்லேன்!"

வாயைத் திறந்தேன். மாமாவும் என்னைத்தான் பார்த்தார். "பால் வாங்கிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். பால் வீட்டிலேயே இருந்தது.

மாடிப்படியில் நின்றேன். உள்ளே சத்தமே இல்லை. திரும்பி மேலே ஓடிவிடலாமா என்று கால் பரபரத்தது. பிறகு மாமாவின் குரல்.

"சரி, கம்பிய உருவிடறேன். ஒட்டு."

"நீ அழுத்திப் பிடிச்சாதானே ஒட்ட முடியும்? அம்மாவா இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பா."

"உங்கம்மாவா? ஆறுக்கு எட்டா ஒட்டிட்டு, இருந்துட்டுப் போவட்டும்னு சொல்லியிருப்பா."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள் அழுதாள். அவர் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. நான் மேலே ஏறவில்லை.

வெள்ளி வரை காத்திருக்காமல் புனேக்குச் சரி என்று எழுதிவிட்டேன். நிம்மதி என்று சொல்ல மாட்டேன். நாளைக்கே இருவரும் மறுபடி வாயை மூடிக்கொள்ளலாம். அப்போது யாரைக் கூப்பிடுவார்கள்?

என்னைத்தான். அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். தினமும் இருவரிடமும் பேசுவேன். ஆனால் "அவகிட்ட சொல்லு", "அவர்கிட்ட கேளு" என்று யார் ஆரம்பித்தாலும், "பக்கத்து ரூம்தானே, நீங்களே போய்க் கேளுங்க" என்று போனை வைத்துவிடுவேன். வைத்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனாலும் திரும்பக் கூப்பிட மாட்டேன்.

உன் பின்னாலேயே பிறந்தவள்,
தாரிணியின் சித்தி