நாற்பதாம் எண்ணை எரிக்கச் சொன்ன ஆணைக்கு மறுமொழி

வாழ்க கழைவரை நாடு. ஏழு மலைக்கும் ஒரு கடலுக்கும் உரியவரும், பசித்தவர் குரல் வாயிலில் கேட்டால் தாமே எழுந்து வருபவரும், இளவரசி நெய்தலாளைப் பெற்றவருமான விறல்வேந்தர் பெருமானின் திருமுன்பு, அவ்விளவரசியின் பெயரால் பெருமான் நிறுவிய பெருங்கல்விச் சாலையின் கணக்காயர் தலைவி ஆதிச்சி வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் குன்றுகளில் மழை தவறாதிருக்க; தங்கள் துறைகளில் கலங்கள் நலமே சேர்க; இந்தப் பனிக்காலத்தில் தங்கள் முழங்கால் வலியும் தணிந்திருக்க.

இதை அவையில் உரக்க வாசிக்க வேண்டாம். பெருமானே, அரியணையை விட்டு இறங்கி, வாசிப்பவரின் பக்கத்தில் வந்து அமர்ந்தருள்க. இன்னும் கொஞ்சம் கிட்டே வருக. ஆதிச்சி ஒரு கதை சொல்லப்போகிறாள். தங்கள் மகள் வருகிற கதை என்பதால் நடுவில் எழுந்து போகமாட்டீர்கள் என்று நம்புகிறாள்.

நெய்தலாளும் ஆதிச்சியும் ஒரே மணற்பலகையில் கணக்குப் போட்டு வளர்ந்தவர்கள் என்பதைப் பெருமான் அறிவீர். இளவரசியின் மடியில் எப்போதும் ஒரு கருப்பட்டித் துண்டு முடிந்திருக்கும். அவள் கணக்கில் எவர் பிழை கண்டாலும், அவர் சமையற்கட்டுப் பெண்ணானாலும் சேனைத் தலைவரானாலும், கைகொட்டிச் சிரித்து அந்தத் துண்டைக் கொடுத்துவிடுவாள். காய்ச்சலில் அவளை இழந்த பின், மேற்கணிதம் பயிலும் மாணாக்கருள் சிறந்தவருக்கு ஆண்டுதோறும் அவள் பிறந்த விண்மீன் நாளில் பொன் எழுத்தாணியும் ஒரு துண்டு கருப்பட்டியும் பரிசிலாகத் தரவேண்டும் என்று விதித்தது தாங்களே.

அவள் விட்டுச்சென்ற கடைசி ஓலையில் இருந்த விதியைச் சாலை முற்றத்துக் கல்லில் பொறித்ததும் தாங்களே. எந்த எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கி, அதனோடு நாற்பத்தொன்றைக் கூட்டுக. வருவது, ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் வகுபடாத எண்ணாகும் என்பது அவ்விதி. பன்னிரண்டு ஆண்டுகளாக மாணாக்கர் அந்தக் கல்லைத் தொட்டு வணங்கியே உள்ளே வருகிறார்கள்.

இவ்வாண்டுப் பரிசிலுக்கு வந்த ஓலைகளில் உப்பளத்து வேலன் மகள் கொற்றியின் ஓலைக்கட்டு பதினெட்டு ஏடு கொண்டது. கல்லில் உள்ள விதி முப்பத்தொன்பது வரை பிழையில்லாமல் நின்று, நாற்பதில் உடைகிறது என்று முதல் ஏட்டிலேயே காட்டிவிட்டாள். நாற்பதை நாற்பத்தொன்றால் பெருக்கினால் நாற்பது நாற்பத்தொன்றுகள். அவற்றோடு இன்னொரு நாற்பத்தொன்றைச் சேர்த்தால் நாற்பத்தொரு நாற்பத்தொன்றுகள். வகுபடாது என்ற எண் எல்லோர் கண்முன்னும் வகுபட்டு நிற்கிறது. இவ்வகையில் எவர் எந்த விதியைச் செய்தாலும் அது ஓரிடத்தில் உடைந்தே தீரும் என்பதை மற்றப் பதினேழு ஏடுகளில் நிறுவியிருக்கிறாள். தேர்வாளர் ஐவரும் ஒருமனதாகப் பரிசில் அவளுக்கே என்றனர்.

அதன்மேல் வந்தது தங்கள் ஆணை. தம் மகள் ஒருமுறை இறந்தது போதும், அவை நடுவே அவளை மறுமுறை சாகவிடுவதற்கில்லை என்றும், கொற்றியின் ஓலைக்கட்டை எரித்து அதன் சாம்பலைச் செப்புச் சிமிழில் இட்டு அனுப்புக என்றும், அப்பெண் நாட்டெல்லையைக் கடக்க வேண்டும் என்றும், பரிசிலை வேறொருவருக்கு வழங்குக என்றும் பெருமான் பணித்திருந்தீர். சிமிழைக் கொண்டுவந்தவர் ஓலைநாயகம் மல்லனார். நல்ல மனிதர். தீங்கில்லாமல் முடித்துவிட வேண்டும் என்றே முயன்றார். அவரும் கொற்றியும் முற்றத்தில் பேசியதைப் பேசியபடியே ஆதிச்சி எழுதுகிறாள். அரச ஓலைக்கு ஒவ்வாத நடையைப் பொறுத்தருள்க.

"ஏம்மா, முப்பத்தொம்பது சரியாத்தானே வந்துச்சு? அந்த ஒண்ணே ஒண்ணைப் பாக்காத மாதிரி விட்டுட்டா உனக்கு என்ன கொறஞ்சு போகும்?" என்றார் மல்லனார்.

"ஐயா, எங்க அளத்துக்கு வாங்க. முப்பத்தொம்பது பாத்திக்கு வரப்புக் கட்டிட்டு ஒண்ணை மட்டும் ஒடச்சு விடுறேன். கடல் உள்ள வந்ததும் நீங்களே நின்னு உப்பு அள்ளுங்க" என்றாள் அவள்.

"வாயி நீளம் உனக்கு. ராசா மக எழுதினதும்மா அது."

"அதனாலதான்யா நாப்பது வரைக்கும் போய்ப் பாத்தேன். வேற யாராச்சும் எழுதியிருந்தா நாலோடயே விட்டிருப்பேன்."

மல்லனார் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி ஆதிச்சி தன் குற்றத்தைச் சொல்ல வேண்டும். அன்று நண்பகலில் அவள் அந்த ஓலைக்கட்டைச் சாலையின் மடைப்பள்ளிக்கு எடுத்துச் சென்றாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தோழியின் பெயருக்காக அதைச் செய்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். கொற்றி தவறியிருக்கக் கூடாதா என்ற ஆசையில் அடுப்புச் சாம்பலைத் தரையில் பரப்பி, விரலால் மீண்டும் கணக்கிட்டாள். நாற்பத்தொரு நாற்பத்தொன்று. எழுந்தாள், ஓலைக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள், எரிப்பதில்லை என்று மல்லனாரிடம் அப்போதே சொல்லிவிட்டாள்.

அதன் பின்னரே, தன்னிடம் இருந்த நெய்தலாளின் ஓலைப்பெட்டியைத் திறந்தாள். கல்லில் பொறித்த அந்நாளுக்குப் பிறகு அந்த ஓலையைத் தொட அவளுக்கு மனம் வந்ததில்லை. ஓலையின் ஓரத்தில் பூச்சி அரித்த துளைகள் மூன்று; அவற்றை அடுத்து, விதியின் கடைசிச் சொல்லருகே, நான்காவதாக ஒரு சிறு வட்டம். ஓலையைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று துளைகளிலும் வெளிச்சம் புகுந்து வந்தது, நான்காவதில் வரவில்லை. விளக்குக்கரியைக் கோவையிலைச் சாற்றில் குழைத்துத் தடவித் துடைத்ததும், எழுத்தாணிக் கீறலில் மை ஏறுவதுபோல் வட்டம் முழுதும் கறுத்து எழுந்தது.

அது நெய்தலாளின் கை. தான் இன்னும் நிறுவாத எதன் அருகிலும் அவள் இடுகிற வட்டம். இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், இன்னும் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கு அவள் வைத்திருந்த அடையாளம். எல்லா எண்ணுக்கும் இது பொருந்தும் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை, பெருமானே. சொன்னது நம் கல்.

அந்தக் கல்லில் பொறிக்க ஓலையைப் படித்துக் காட்டியது யார்? ஆதிச்சி. இது என்ன புள்ளி என்று கல்தச்சர் கேட்டபோது, அழுத கண்ணோடு, பூச்சித் துளைதான், விட்டுவிடுங்கள் என்று சொன்னவளும் அவளே. எவரேனும் எல்லையைக் கடக்க வேண்டுமென்றால் அவள் கடக்கிறாள். மூட்டை கட்ட நெடுநேரம் ஆகாது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வட்டம் கிடைத்ததால் ஆதிச்சிக்குத் துணிவு வந்தது என்று பெருமான் கருதவேண்டாம். அது கிடைக்காமலே போயிருந்தாலும், பிழை நெய்தலாளுடையதாகவே இருந்திருந்தாலும், தங்கள் ஆணைக்கு மறுமொழி இதுவே. மறதியாலும் அன்று, செருக்காலும் அன்று, அறிந்தே மறுக்கிறாள். தாங்கள் தந்த பதவியைத் தாங்கள் திரும்பப் பெறலாம். சாலையின் நெல்லை நிறுத்தலாம். மாணாக்கர் உப்பளத்தில் கூலிக்குப் போயாவது படிப்பார்கள், கொற்றி வழி காட்டுவாள். ஆனால் நெய்தலாளின் பெயரால் உண்மையை எரிக்கும் கை இச்சாலையில் இல்லை. அப்படி ஒரு கை இருந்தால் அவள் அதற்குக் கருப்பட்டி தந்திருக்க மாட்டாள்.

பெருமானே, தங்கள் துயரத்தின் மேல் ஆதிச்சிக்குக் கோபமில்லை. அவளும் அதே துயரத்தோடுதான் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த ஓலையைத் தொடாமல் இருந்தாள். தொடாமல் இருந்ததால்தான் நம் பெண்ணை நாம் பொய் சொன்னவளாக்கி முற்றத்தில் நிறுத்திவிட்டோம். இத்தனை ஆண்டில் அவளுக்காகப் பேசியது அந்த உப்பளத்துப் பெண் ஒருத்தியே.

ஆகவே, சாலைத் தலைவி என்ற முறையில் இன்று அவள் பிறப்பித்த கட்டளைகளைத் தங்கள் அறிதலுக்கு வைக்கிறாள். கல்தச்சர் நாளைக் காலை வந்து, கல்லில் விதியின் இறுதியில் அந்த வட்டத்தைப் பொறிப்பார். அதன் கீழே, நாற்பதில் உடைவதைக் கண்டவள் கொற்றி என்றும் பொறிப்பார். நெய்தலாள் பிறந்த விண்மீன் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள். அன்று முற்பகலில் பரிசில் கொற்றிக்கே வழங்கப்படும். பெருமான் படையை அனுப்பினால் படை பார்த்திருக்க வழங்கப்படும். தாங்களே வந்தால், எழுத்தாணியை ஆதிச்சி தருவாள். மற்றதைத் தங்கள் கையால்தான் தரவேண்டும்.

செப்புச் சிமிழை மல்லனார் வசம் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அதில் சாம்பல் இல்லை. திறந்து பார்த்தருள்க: ஒரு துண்டு கருப்பட்டி. ஒன்பதாம் நாள் வரும்போது மறவாமல் எடுத்து வருக.

மணற்பலகை முத்திரை இட்டு, கொற்றியும் தேர்வாளர் ஐவரும் அருகிருக்க, ஆதிச்சி தன் கையால் எழுதி முடித்தது. தங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்க. அரசியாரின் கண்ணுக்கு உறக்கம் கூடுக. தங்கள் பேரர் பெயர்த்தியர் பிழை செய்தால் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்ளும் மனத்தோடு வளர்க. உங்கள் மகளின் பெயர் அந்த வீட்டில் அழாமல் சொல்லப்படும் நாள் விரைவில் வருக.