கொடிக்கம்பத்தருகே நின்றவருக்கு

மாமா,

சனிக்கிழமை சாயங்காலம் பரணிலிருந்து பழைய பூட்ஸை இறக்கினேன். புது ஜோடி மழையில் ஊறிப்போய், ஃபேனுக்குக் கீழே கிடந்தும் காயவில்லை. பழையதை ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டி மேலே வைத்தது நீங்கள்தான். முடிச்சை அவிழ்த்ததும் காய்ந்த சேறும் அந்துருண்டையும் கலந்த வாசனை. உள்ளே கையை விட்டால் செய்தித்தாள் உருண்டை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூட்ஸைக் கழுவித் துடைத்து, ஈரத்தை இழுக்கட்டும் என்று விரல்முனை வரைக்கும் காகிதத்தைத் திணித்து வைப்பீர்களே, அதே உருண்டை. உங்கள் கை கசக்கிய கசக்கல் அப்படியே இருந்தது. அதை எடுக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆனால் மறுநாள் மேட்ச். எடுத்துவிட்டேன். குப்பையில் போட முடியாமல் விளையாட்டுப் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

இன்று திங்கள். ஸ்டாஃப் ரூமில், திருத்தாத பேப்பர் கட்டின் மேல் தாளை வைத்து இதை எழுதுகிறேன். நான் மார்க் போடுகிறேன் என்று பக்கத்து நாற்காலியில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒரே வீட்டில் இருக்கிற மருமகளுக்கும் மாமனாருக்கும் நடுவே கடிதம் எதற்கு? சொல்ல வேண்டியதை நேரிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் விஷயம்.

பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர் வேலை எப்படிப்பட்டதென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரிசல்ட் குறைந்தால் என் தலைதான் உருளும். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், நடுவில் போனில் துறையின் ஆப்பைத் திறந்து அதை ஏற்று இதை ஏற்று என்று ஆயிரம் பதிவு. திருவொற்றியூரில் பஸ் ஏறி டோல்கேட்டில் இறங்கி வீட்டுக்குள் நுழையும்போது யாரைக் கடிக்கலாம் என்றுதான் வருவேன். யாழினி முகம் கழுவி, பவுடர் பூசி, வீட்டுப்பாடம் முடித்து உட்கார்ந்திருப்பாள். அது தானாக நடக்கிற காரியம் என்பதைப் போல நான் செருப்பைக் கழற்றுவேன். உங்கள் பிள்ளைக்கு வள்ளூர் பவர் ஹவுஸில் ஷிஃப்ட் வேலை. அவர் விழித்திருந்தால் வேலையில் இருப்பார், வீட்டில் இருந்தால் தூங்குவார்.

இத்தனைக்கும் நடுவில் எனக்குக் கால்பந்து வேறு. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்தவள், நடக்கப் பழகியபோதே உதைக்கவும் பழகினேன். கல்யாணத்துக்கு முன்பே உங்களிடம் அதைச் சொல்லித்தான் வந்தேன். ஆனால் யாழினி பிறந்த பிறகு மறுபடி டீமுக்குப் போக வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்கத் தைரியம் வரவில்லை. அதற்குப் பதிலாகச் சமையலறையில் பாத்திரத்தை உருட்டினேன்.

"பாத்திரம் இன்னா பாவம் பண்ணுச்சு டீச்சரம்மா? இன்னா வோணும்னு வாயத் தொறந்து சொல்லு" என்றீர்கள்.

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், இரண்டு மணி நேரம்தான் என்றேன். உங்களுக்கு யோசிக்கவே நேரம் ஆகவில்லை.

"போயேன். கொயந்தைய நான் இட்டுகினு வர்றேன். எனக்கு இன்னா வேல கீது?"

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, எப்போதும் தோளில் கிடக்கும் வெள்ளை டவலில் சுற்றிய குழந்தையோடு மைதானத்து ஓரத்தில் எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றீர்கள். மேற்குப் பக்கம், நடுக்கோட்டுக்கு நேராக ஒரு கொடிக்கம்பம் இருக்கிறது. "கொடிக்கம்பத்தாண்டயே நில்லுங்க மாமா. நான் எப்ப திரும்பினாலும் கொயந்த கண்ணுல படணும்" என்றேன். "சரிம்மா" என்றீர்கள். அப்புறம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. குழந்தை தவழ்ந்தாள், நடந்தாள், ஓடினாள். நீங்கள் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. நகருங்கள் என்று நானும் சொல்லவில்லை.

நான் ஆடுவது ஸ்டாப்பர் இடம், கோல்கீப்பருக்கு முன்னால். யார் விட்டாலும் நான் எடுத்துவிடுவேன் என்கிற திமிர் வேண்டும் அந்த இடத்துக்கு, அது எனக்கு எக்கச்சக்கம். பந்து எதிர்ப்பக்கம் போனதும் ஒரு பார்வை திரும்புவேன். கொடிக்கம்பம், டவல், நீங்கள். சரி. மறுபடி ஆட்டம். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் உங்களைக் கேட்பேன், எப்படி ஆடினேன் என்று.

"பாத்தேன்மா. நல்லா ஆடின."

"அஞ்சு கோல் வாங்கினோம் மாமா."

"அது அவங்கோ நல்லா ஆடினது. நீயும் நல்லாத்தான் ஆடின."

ஒரு தடவை, பல வருஷம் கழித்து, ஓரத்தில் நிற்கிற ஆள் ஏன் அடிக்கடி கொடியைத் தூக்குகிறான் என்று கேட்டீர்கள். இத்தனை நாள் பார்த்தும் ஆஃப்சைடு தெரியவில்லையா என்று விழுந்து விழுந்து சிரித்தேன். டீமிலும் போய்ச் சொன்னேன், அவர்களும் சிரித்தார்கள். நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள். ஏன் தெரியவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்குக் கணக்கு புரியவில்லை என்றால் எங்கே உட்கார்ந்திருக்கிறான், போர்டு தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். உங்கள் விஷயத்தில் அது தோன்றவில்லை.

மகளிர் தினம் நினைவிருக்கிறதா? வேலை, வீடு, விளையாட்டு மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று பிள்ளைகளுக்குப் பேசச் சொன்னார் ஹெட்மிஸ்ட்ரஸ். புதுப்புடவை கட்டிக்கொண்டு பேசினேன். நேரத்தைத் திட்டமிடுங்கள் என்றேன். ஃப்ரிட்ஜ் கதவில் டைம்டேபிள் ஒட்டியிருப்பதைச் சொன்னேன். மனசு வைத்தால் எல்லாம் முடியும் என்றேன். பள்ளிக்கும் டீமுக்கும் நன்றி சொன்னேன், "புரிந்துகொள்ளும் கணவருக்கும்" நன்றி சொன்னேன். புரிந்துகொள்ளும் கணவர் அந்நேரம் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் முன்வரிசையில், தோளில் தூங்குகிற யாழினியோடு, கை தட்டவும் முடியாமல் உட்கார்ந்திருந்தீர்கள். வீட்டுக்கு வரும் வழியில் நீங்கள் சொன்னது ஒன்றுதான். "நல்லாப் பேசினம்மா. மைக்க இன்னும் கொஞ்சம் கிட்ட வெச்சிருக்கலாம்."

அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இப்போது அந்த வரியை நினைத்தால் போர்டில் எழுதிக்கொண்டிருக்கிற கை நின்றுபோகிறது.

பங்குனியில் ஒரு புதன்கிழமை, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன் வந்தது. ஓடி வரும்போதே எனக்குள் அற்பமாக ஒரு நிம்மதி, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லையே என்று. ஞாயிறாக இருந்து நான் மைதானத்தில் இருந்திருந்தால் ஊர் வாய் என்னைத்தான் மெல்லும். உங்கள் சாவிலும் என் பெயர் கெடாமல் இருந்ததைத்தான் முதலில் பார்த்தேன் மாமா. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

காரியத்தன்று, பந்தி முடிகிற நேரத்தில், உயரமாக ஒரு பெரியவர் வந்தார். கஜா என்று பெயர் சொன்னார், கேரம் கிளப் என்றார். டோல்கேட் சந்துக்குள் தகரம் வேய்ந்த கொட்டகை ஒன்று இருக்கிறதே, அதுதான். கைக்குட்டையைப் பிரித்து ஒரு ஸ்டிரைக்கரை என் கையில் வைத்தார். கேரம் போர்டில் காயை அடிக்கிற அந்த வட்டம், நெடுநாள் விரல் பட்டு மழமழவென்று இருந்தது.

"இது அவன்து. கிளப்பு டிராயர்லயே வெச்சிகினு இருந்தேன். என்னிக்குனா வருவான்னு."

"மாமா கேரம் ஆடுவாரா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். "இன்னாமா இப்டி கேட்டுட்ட? காசிமேடு வரிக்கும் அவன் கட் ஷாட்டு தெரியாதவன் கெடயாது. டபுள்ஸுல நானும் அவனும்தான். ஞாயித்துக்கெயம காத்தாலதான் பெரிய செட்டு. கொயந்த பொறந்தப்பறம் ஆளே வர்ல. கேட்டா, மருமவளுக்கு மேட்ச் கீதுடா தோஸ்துன்னுவான்."

"சாயந்தரமாவது வந்திருக்கலாமே."

"சாயந்தரம் உனக்கு ஸ்பெஷல் கிளாஸாமே."

அதில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. தெரிந்த விவரத்தைச் சொன்னார், அவ்வளவுதான். அப்புறம் அவர் யாரோடு ஆடினார் என்று அவரையே கேட்டேன். "நானா? வேற ஆளோட ஜோடி போட மனசு வர்ல. டீய குடிச்சிகினு வேடிக்க பாப்பேன்" என்றார். ஆக, என் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு பேர் ஆட்டத்தை விட்டிருக்கிறீர்கள்.

மறுநாள் உங்கள் பிள்ளையைப் பிடித்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. "அப்பாதான் சொல்லாதன்னாரு. சொன்னா நீ மேட்சுக்குப் போவமாட்டியாம்" என்றார். எனக்குத் தெரியாமல் எனக்காக முடிவெடுக்க நீங்கள் யார் என்று அவரிடம் கத்தினேன். உண்மையில் உங்களிடம்தான் கத்தினேன். அவர் எழுந்து போய்விட்டார். கத்தி முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. நீங்கள் சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனா? ஒரு வாரம் நிறுத்தியிருப்பேன். அடுத்த வாரம் பாத்திரத்தை உருட்டியிருப்பேன். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இனி பந்தைத் தொடக்கூடாது என்று இருந்தேன். மாதம் திரும்புவதற்குள் போய்விட்டேன். பக்கத்து வீட்டுச் செல்வியைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, உங்கள் ஸ்டிரைக்கரைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன், ஏதோ உங்களையும் கூட்டிப்போகிற மாதிரி. முதல் பந்து வானத்திலிருந்து இறங்கியது, நெற்றியால் முட்டினேன், பாதி மைதானம் தாண்டிப் போய் விழுந்தது. அந்த நேரத்தில் உங்கள் நினைவு துளிக்கூட இல்லை. சந்தோஷமாக இருந்தேன். வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் அழுதேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். யாரிடம் உதவி கேட்டாலும், உனக்கு வேறு எங்காவது போக வேண்டுமா என்று முதலில் கேட்கிறேன். "இல்லக்கா" என்கிறாள் செல்வி. அது உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது மாமா? நீங்களும் இல்லை என்றுதானே சொன்னீர்கள்.

நேற்று செல்வி ஊரில் இல்லை. உங்கள் பிள்ளை நைட் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்து உட்கார்ந்தார். யாழினியைப் பார்த்துக்கொள்ள முடியுமா, வேறு ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா வேல கீது?" என்றார்.

உங்கள் குரல். அதே இழுப்பு. பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தேன். "உண்மையச் சொல்லுங்க" என்றேன். "தூங்கணும்" என்றார். "தூங்குங்க" என்று கதவைச் சாத்திவிட்டு யாழினியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மழை விட்டுச் சுள்ளென்று வெயில். மைதானம் முழுக்க அங்கங்கே தண்ணீர். எங்கே நிற்க வேண்டும் என்று நான் யாழினிக்குச் சொல்லவே இல்லை. அவளே நேராகப் போய்க் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் பையை அவள் காலடியில் வைத்துவிட்டு இறங்கினேன். ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில், பழக்கதோஷத்தில் ஒரு பார்வை திரும்பினேன். சேற்றில் வழுக்கி விழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் முன்பும் எத்தனையோ தடவை அங்கே விழுந்திருக்கிறாள். நான் பார்க்கும்போதெல்லாம் அவளைத் தூக்க ஒரு வெள்ளை டவல் குனிந்துகொண்டிருக்கும், நான் பந்துக்குத் திரும்பிவிடுவேன். நேற்று யாரும் குனியவில்லை. கையைத் தூக்கி மாற்று ஆளைக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

முழங்காலைத் துடைத்து, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, நீங்கள் நிற்கிற இடத்தில் நின்றேன். அங்கிருந்து மைதானத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. காலை வெயில் எதிரே நேராகக் கண்ணில் அடிக்கிறது. தேங்கிய தண்ணீரிலிருந்தும் அடிக்கிறது. ஓடுகிறவர்கள் எல்லாம் கருப்பு நிழல்கள். யார் நம் ஆள், யார் எதிராளி, பந்து யார் காலில் என்று ஒன்றும் தெரியவில்லை. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பை. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைக்கக்கூட வழியில்லை. பத்தடி தள்ளி மோட்டார் ரூம் நிழல். அங்கே போயிருந்தால் ஆட்டம் முழுக்கத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த இருட்டுக்குள் நின்றால் ஸ்டாப்பர் இடத்திலிருந்து குழந்தை தெரியாது. நீங்கள் போகவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு, எனக்குத் தெரிகிற மாதிரி நின்றீர்கள், உங்களுக்கு எதுவும் தெரியாத இடத்தில். அங்கே நிற்கச் சொன்னது நான்தான்.

திடீரென்று கூச்சல். நிழல்கள் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டன. யாரோ கோல் போட்டிருந்தார்கள், எந்தப் பக்கம் என்றுகூட எனக்குப் புரியவில்லை. அந்தக் கும்பலிலிருந்து எங்கள் டீமின் நிஷா பிய்த்துக்கொண்டு ஓடி வந்தாள். டீமுக்குப் புதுசு, அவளுக்கு இதுதான் முதல் கோல்.

"அக்கா, நான் போட்ட கோல பாத்தியா?"

கண்ணில் தண்ணீர் கொட்டியது. வெயில் என்று நினைத்திருப்பாள்.

"பாத்தேன்மா" என்றேன். "நல்லா ஆடின."