பதினாறாம் நாள் நான் வீட்டில் இல்லை, மைனி

என் அருமை மைனிக்கு, இந்த ஒரு தடவை சத்தமில்லாமல்,

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. நான் இன்னும் அழவில்லை. குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொல்கிறேன். காலையில் எழுந்து சாயா குடிக்கிறேன், மட்டாஞ்சேரி ஜூ டவுன் சுக்கு மண்டிக்குப் போய் பில் எழுதுகிறேன், சாயங்காலம் திரும்பி வருகிறேன். யாராவது உங்களைப் பற்றிக் கேட்டால் "ஆமா, திடீர்னு" என்கிறேன். அவ்வளவுதான் வருகிறது.

அந்தச் சனிக்கிழமை படகுத்துறை பெஞ்சில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். மடியில் தீவுப் பிள்ளைகளின் மருத்துவ அட்டைகள் இருந்த பை. தலை லேசாகச் சாய்ந்திருந்தது. கண் அசந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். "மைனி, வள்ளம் வந்தாச்சு" என்றேன். பதில் இல்லை. "மைனி, எந்திரிங்க. ஓதம் ஏறிடும், அப்புறம் தண்ணியில நடக்கணும்" என்று எரிந்து விழுந்தேன். நான் உங்களைக் கடைசியாகக் கூப்பிட்டது அதுதான். அதற்குப் பிறகு 'மைனி' என்ற சொல் என் வாயில் வரவில்லை. எழுத மட்டும் வருகிறது. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

ரிட்டயர் ஆன நர்ஸ் காலை நீட்டி உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டியதுதானே? நீங்கள் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு கும்பளங்கிக்கு அப்பால் ஒரு தீவுக்குப் போனீர்கள். ஓதம் ஏறினால் நடக்கிற வரம்பு முங்கிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது என்று தினமும் ஒரு வள்ளம் ஏற்பாடு செய்தீர்கள். மாதம் இரண்டு சனிக்கிழமை கண், காது, பல் பார்த்தீர்கள். அண்ணன் பெண்டாட்டி கூப்பிட்டால் நாத்தனார் வராமல் இருக்க முடியுமா? அட்டை எழுத என்னை இழுத்துக்கொண்டு போனீர்கள்.

காது பார்க்க நீங்கள் வைத்திருந்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒரு காதைப் பொத்திவிட்டு, மெல்ல ஒரு மீன் பேர் சொல்வீர்கள். கரிமீன். கணம்பு. பள்ளத்தி. பிள்ளை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நானும் ஒருவாட்டி சொல்லிப் பார்க்கிறேன் என்றதற்கு, "உனக்கு ரகசியம் பேசத் தெரியாதுடி. நீ சொன்னா வைப்பின் தீவு வரைக்கும் கேக்கும்" என்றீர்கள்.

ஆன்சிக்கு எந்த மீனும் கேட்கவில்லை. காதில் சீழ். அவள் அம்மா லில்லி சுடச்சுட எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். டீச்சர் சொல்வது கேட்காமல் பிள்ளை மந்தமென்று பேர் வாங்கி, பள்ளிக்கூடத்தையே நிறுத்தியிருந்தது. ஆபரேஷன் என்றதும் லில்லி இரண்டு தடவை முடியாது என்றாள். "நானே வாசல்ல உக்காந்திருப்பேன்" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் சம்மதித்தாள். அந்தத் தேதி உங்கள் பதினாறாம் நாளில் வந்து விழுந்தது.

முந்தின வாரம் லில்லி போன் செய்தாள். "நர்ஸ் சேச்சி இல்லாதே ஞான் குட்டியைக் கொடுக்கில்லா" என்றாள். பிறகு அவளே, "செல்வி சேச்சி வருமோ? வந்தா மதி" என்றாள், நான் வந்தால் போதுமாம். இந்தத் தேதி போனால் அடுத்தது எப்போது என்று ஆஸ்பத்திரியில் சொல்ல முடியவில்லை. அதற்குள் பள்ளிக்கூடத்தில் பேரை வெட்டிவிடுவார்கள்.

அண்ணனிடம் சொன்னேன். "பதினாறு அன்னிக்கு வீட்டுப் பொண்ணு இல்லாம எப்படி? ஊரு என்ன பறையும்?" என்றார். பிறகு, "அவளுக்கு ஒரு பிடி சோறு படைக்க உனக்கு நேரம் இல்லே, அப்படித்தானே?" என்றார். உங்களுக்குப் பிடித்த கப்பைக்கிழங்கும் மீன்கறியும் நான்தான் வைப்பதாக இருந்தது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். மீன்கறியைக் கடையில் வாங்கினார்களாம். அதில் புளியே இல்லையாம். மன்னித்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் லில்லி என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபமாலை உருட்டினாள். எனக்கு எதிர்ச்சுவரில் இருந்த பல்லி மட்டும் ஞாபகம் இருக்கிறது. இந்நேரம் வீட்டில் உங்கள் போட்டோவுக்கு மாலை போட்டிருப்பார்கள் என்று தெரியும். தெரிந்தது, அவ்வளவுதான். உள்ளே எதுவும் அசையவில்லை. உங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிறேனா, செய்யாமல் ஓடி வந்துவிட்டேனா?

அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தினார். கட்டுப் பிரித்து, மருந்து விட்டு, குளத்தில் குதிக்கக் கூடாது என்று ஆன்சியை மிரட்டி, வாரங்கள் போயின. அவள் மறுபடி வள்ளத்தில் பள்ளிக்கூடம் போகிறாள். முன்பெஞ்சில் உட்காருகிறாளாம். ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்துப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றார்கள். ஆனால் லில்லிக்கு மெஷின் போதாது. "நர்ஸ் சேச்சி செய்யும் போலே செய்யணும்" என்றாள்.

போன சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் வாசலில் உங்கள் பை. அட்டைகள் எல்லாம் அப்படியே இருந்தன. அண்ணன் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போயிருக்கிறார்.

தீவில் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஆன்சியின் பின்னால் போய் நின்றேன். ஆபரேஷன் செய்யாத காதைப் பொத்தினேன். கரிமீன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கரிமீன்தான் மனதில் இருந்தது.

"மைனி" என்று வந்தது. எனக்கே சரியாகக் கேட்காத சத்தத்தில்.

"மைனி" என்றாள் ஆன்சி, பட்டென்று. பிறகு திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அது ஏது மீனா, சேச்சி?"

பிள்ளைகள் சிரித்தார்கள். லில்லி அழுதாள். நான் அட்டையை எடுத்து, நீங்கள் 'கேட்கவில்லை' என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே 'கேட்கிறது' என்று எழுதினேன். உங்களுக்கும் கேட்டதா?

இனி பிள்ளைகளுக்குப் பின்னால் நான் நிற்கிறேன், மைனி. மெல்லப் பேசப் பழகிக்கொள்கிறேன். வருஷத் திதிக்குக் கப்பையும் மீன்கறியும் நானே வைக்கிறேன், புளி போட்டு. அன்றைக்கு யாருக்கும் ஆபரேஷன் இல்லாமல் இருந்தால்.

ரகசியம் பேசத் தெரியாத உங்கள் நாத்தனார்,
செல்வி
மட்டாஞ்சேரி