சிமென்ட் கட்டைக்கு இந்தப் பக்கம்

அம்மாவுக்கு மாதங்கியின் நமஸ்காரம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

கொல்கத்தாவில் சைக்கிளைத் தொடமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். மீறிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஆபீஸ் சாலையில் சிமென்ட் கட்டை எழுப்பி சைக்கிளுக்குத் தனிப்பாதை பிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் துணிந்தேன். பக்கத்து ஃப்ளாட் ஷர்மிளா தீதியே (இங்கே அக்காவை தீதி என்பார்கள்) ஐம்பது வயதில் சைக்கிள் வாங்கிவிட்டார். பள்ளிக்கூடப் பெண்களும் வரிசையாக வருகிறார்கள்.

நேற்று ஒரு பஸ் எங்கள் பக்கம் ஒதுங்கி, கட்டையில் டயர் இடித்து நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. "கிச்சு ஹொய்னி, சொலோ!" என்றார் பின்னால் வந்த தீதி. ஒன்றும் ஆகவில்லை, போகலாம் என்று அர்த்தம். இருவரும் சிரித்துக்கொண்டே ஓட்டினோம்.

சாம்பார்ப்பொடி தீர்ந்துவிட்டது. அனுப்பும்போது உன் கையால் நாலு வரி எழுதி உள்ளே வை. போனில் நீ சீக்கிரம் வைத்துவிடுகிறாய். தீதி கீழே மணி அடிக்கிறார், கிளம்புகிறேன்.

உன் மாதங்கி