படத்தில் இல்லாத நாற்காலி

அன்புள்ள குட்டிப்பிசாசுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று வழக்கமாக முதல் வரியில் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன், இந்த முறை அப்படிப் போக முடியவில்லை, நிஜமாகவே கேட்கிறேன், நீ நன்றாக இருக்கிறாயா? எப்போதும் வீட்டு முகவரிக்கு எழுதுகிறவன் இதை ஏன் நீ வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன் என்று யோசிப்பாய். பக்கத்தில் யாராவது இருந்தால் மடித்து வைத்துவிட்டுத் தனியாக இருக்கும்போது படி.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக எதுவும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, ஆனால் மாடிப்படியைப் பார்த்தாலே முகத்தைச் சுளிக்கிறாள். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கப் புது இயந்திரம் வந்திருக்கிறது, அது போடுகிற சத்தத்துக்கு முதலாளி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் பேசுகிறார், அவர்கள் பவர் சொன்னால் இவர் விலை சொல்கிறார். பேய்க்கதையும் பேய்ப்படமும் பேசித் தீர்க்கும் நம் பேய்க் கூட்டம் வழக்கம்போல ஞாயிறு மதியம் கடையின் பின் அறையில் கூடுகிறது, உனக்குத் தெரியாததா, நீதான் ஃபோனில் வந்து எல்லாரையும் வாயடைக்கிறவள் ஆயிற்றே. மருந்துக்கடை அக்கா இப்போது படிக்கும் நாவலில் மேல்மாடியிலிருந்து பாத்திரம் துலக்கும் சத்தம் வருகிறது, அந்தக் கட்டடத்துக்கு மேல்மாடியே கிடையாது. கல்லாவில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தவளிடம் ஒருவர் இருமல் மருந்து கேட்க, அம்மாடி என்று அலறிவிட்டாளாம், கேட்டவருக்கு இருமலே நின்றுவிட்டதாம். கடைசிப்பக்கம் என்று நாம் பட்டப்பேர் வைத்த பஸ் டிரைவர் இந்த முறையும் அந்தப் பேர் வாங்கின வேலையைச் செய்தார், பிணவறைக் காவலாளி கதையின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு வந்து எங்களிடம் உளறிவிட்டார், அக்கா அவர் மேல் செருப்பை எறியாத குறை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அந்தப் படத்தைப் பற்றிப் பேசினோமே, புது வீட்டுக்குக் குடிவந்த பெண், வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று பயப்படுகிறாள், எல்லாம் உன் பிரமை என்று புருஷன் சொல்கிறான், கடைசியில் அவள் படிக்கட்டின் கீழே நின்று மேலே பார்க்கிறாள், விளக்கு அணைகிறது, அவ்வளவுதான், படம் முடிந்தது. முடிவைச் சொல்லாமல் விட்டால் டிக்கெட் காசைத் திருப்பித் தரணும் என்று அக்கா குதித்தாள். நான் என் பழைய பல்லவியைப் பாடினேன், இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம் என்று விடுவதுதான் அழகு என்றேன். அப்போதுதான் நீ பேசினாய். கண்ணாடி துடைக்கிற மருந்து பாட்டிலில் சாய்த்து வைத்திருந்த ஃபோனிலிருந்து வந்த உன் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவ ஒண்ணும் கற்பனை பண்ணலப்பா, தினமும் படுக்கறதுக்கு முன்னாடி கதவுப் பிடிக்கு அடியில நாற்காலிய முட்டுக் குடுத்து வைக்கிறவ கற்பனையா பண்ணுவா, வெளிய இருந்து வர்றவனுக்குப் பயந்தா வாசக்கதவுல வைப்பா, அவ வைக்கிறது படுக்கையறைக் கதவுல, என்றாய். அப்புறம் உன் பக்கத்தில் ஏதோ கதவு சத்தம் கேட்டது, அவர் வந்துட்டார், வைக்கிறேன் என்று சொல்லிச் சட்டென்று வைத்துவிட்டாய். பொண்ணு படத்தையே கரைச்சுக் குடிச்சிருக்கா என்று கடைசிப்பக்கம் கைதட்டினார், நாங்களும் தட்டினோம்.

வீட்டுக்கு வந்து அந்த நாற்காலியைப் பார்ப்பதற்காகவே படத்தைத் திரும்பப் போட்டேன். இவ்வளவு முக்கியமான ஒன்றை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று எனக்கு வெட்கம். நாற்காலி இல்லை. மறுபடி பார்த்தேன், நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்தப் பெண் ஒரு இடத்திலும் நாற்காலியைத் தொடவே இல்லை. இன்னொன்றும் பார்த்தேன், அந்தப் படுக்கையறைக் கதவு பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவு, அதற்குப் பிடியே கிடையாது, நாற்காலியை முட்டுக் கொடுக்கவே முடியாது. படத்தை அணைத்துவிட்டு வீட்டு விளக்கையெல்லாம் போட்டேன். நான் பார்க்காத பேய்ப்படமா, ஒன்றுக்கும் இப்படி ஆனதில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன், அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு, படத்துல இல்லன்னா அந்த நாற்காலி எங்க இருந்து வந்துச்சு என்று கேட்டாள்.

நான் தப்பாகவும் நினைத்திருக்கலாம். வேறு ஏதோ படத்தோடு குழப்பிக்கொண்டிருப்பாய், நாள் முழுக்க அடுத்தவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு அலுப்பு இருக்காதா. மாப்பிள்ளை நம்மிடம் ஒரு சொல் கடுமையாகப் பேசியதில்லை, ஃபோனில் என் கண் எப்படி இருக்கிறது என்று கூட விசாரிப்பார். ஆனால் கொஞ்ச நாளாக நாங்கள் கூப்பிடும்போதெல்லாம் அவரேதான் எடுக்கிறார், நீ குளிக்கிறாய் என்கிறார், தூங்குகிறாய் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் அவர் வெளியே போயிருக்கும்போது, நீ பேசுகிறாய். இதையெல்லாம் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லைதான், சேர்த்துப் பார்த்தால் ஒன்றுமில்லை என்று சொல்ல முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறதம்மா. வெளிப்படையாகவே சொல்கிறேன், ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஆகவே நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். வரும் ஞாயிறு யார் என்ன படிக்கிறோம் என்று வரிசையாகச் சொல்லும்போது உன் முறை வரும் அல்லவா, நான் நினைப்பது நிஜமென்றால், புத்தகத்தைப் பாதியில் வைத்துவிட்டேன் என்று மட்டும் சொல். பக்கத்தில் யார் கேட்டாலும் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. நான் கேள்வி எதுவும் கேட்க மாட்டேன், சரி வேறு புத்தகம் கொண்டு வருகிறேன் என்பேன், அன்றைக்கே கிளம்பிவிடுவோம். நான் நினைத்தது வெறும் பிரமை என்றால் ஏதாவது புத்தகத்தின் பேரைச் சொல்லி, அப்பாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று சிரி, என்னைப் போல் சந்தோஷப்படுகிறவன் எவனும் இருக்க மாட்டான். அதுவரை பாஸ்போர்ட்டையும் சான்றிதழ்களையும் ஆஸ்பத்திரியில் உன் லாக்கரில் வைத்துவிடு. கூட வேலை பார்ப்பவர்களில் நம்பிக்கையான ஒருத்தியிடம் எங்கள் ஃபோன் எண்ணைக் கொடுத்து வை. நேரத்துக்குச் சாப்பிடு. யாரிடமும் எதையும் வாதாடி ஜெயிக்கப் பார்க்காதே, கூட்டத்தில் எங்களோடு சண்டை போடுவது வேறு, இது வேறு. எது எப்படி இருந்தாலும் தப்பு உன்மேல் இல்லை. நீ நூறு வயது நிம்மதியாக இருக்க வேண்டும், வேறொன்றும் எனக்கு வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அங்கேயே கிழித்துப் போடு, கைப்பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போகாதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா

அம்மா எழுதுவது. உன் அப்பா ஒட்டுவதற்கு முன்னால் வாங்கிப் படித்தேன். பேயும் படமும் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வரை உட்கார்ந்து நீ என்ன சொல்வாய் என்று கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது. டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன். நீ ஆமாம் என்றாலும் வருகிறோம், இல்லை என்றாலும் வருகிறோம். வீட்டுக்கு வர மாட்டோம், நேராக உன் ஆஸ்பத்திரிக்கு வருகிறோம், பல் வலி என்று சொல்லி வரிசையில் உட்கார்ந்திருப்போம். நீ வந்து கூப்பிடு.