பனிக்கு அடியில் இரண்டு தட்டு

சிறை, மதுரை
8.9.2025

அன்புள்ள குருவம்மாளுக்கு,

நான் நலம். நீயும் வேல்விழியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சாப்பாட்டுக்குக் குறையில்லை, உப்புதான் குறை. போன முறை நீ மனு போட்டுப் பார்க்க வந்தபோது, கம்பி வலைக்கு இரண்டு பக்கமும் அத்தனை பேரும் கத்தியதில் நீ சொன்னது பாதி காதில் விழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுது. பத்தாவது படித்த கைதானே, தேய்ந்துவிடாது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் டிவி போட்டார்கள். வெளிநாட்டுத் தொடர், தமிழில்தான் பேசுகிறார்கள். விண்வெளிக் கப்பலில் நாலைந்து பேர் எங்கேயோ ஒரு பனிக் கோளில் போய் இறங்குகிறார்கள். அங்கே தோண்டி ஏதோ உலோகம் எடுத்துவரச் சொல்லிக் கம்பெனி அனுப்பியிருக்கிறது. உயிர் ஏதாவது இருந்தால் தோண்டக் கூடாது, வெறுங்கையோடு திரும்பிவிட வேண்டும் என்பது சட்டம். கருவி பார்க்கிற பெண் ஒருத்தி, சும்மா பனியில் கம்பியை வைத்து இரண்டு தட்டு தட்டுகிறாள். அடியிலிருந்து இரண்டு தட்டு கேட்கிறது. மூன்று தட்டினால் மூன்று. ஹாலில் ஒரு சத்தம் இல்லை குருவம்மா. திருட்டுக் கேஸில் வந்தவன்கூட வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

அவள் ஓடிப்போய்க் கேப்டனிடம் சொல்கிறாள். அவன் ஒரு தாளை நீட்டி, “உயிர் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடு, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்” என்கிறான். அவளுக்கு ஊரில் சின்ன மகள் இருக்கிறாள். பேனாவை எடுக்கிறாள். அந்த இடத்தில் எங்களை அடைக்கிற நேரம் வந்துவிட்டது என்று டிவியை அணைத்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. சனிக்கிழமை மத்தியானம் மறுபடி போடுவார்களாம். பார்த்து எழுது.

முதலாளியின் வக்கீல் வந்திருந்தார். பட்டாசு ஆலை வெடி விபத்தை விசாரிக்கும் அதிகாரி இந்த மாதக் கடைசியில் என்னிடம் வாக்குமூலம் வாங்க வருகிறார். கருப்பம்மாள் நம் கம்பெனி ஆளே இல்லை, அந்த அறைப் பெண்களோடு பேச உள்ளே நுழைந்தவள், கையில் செல்போன் வைத்திருந்தாள், அதனால்தான் அறை வெடித்தது என்று போர்மேனான நான் சொல்ல வேண்டுமாம். சொன்னால் தீபாவளிக்குள் ஜாமீனாம். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில், தீபாவளி சீசன் லோடு அதிகம் என்று அவளை ஐந்தாவதாக உட்கார வைத்தது முதலாளி. பதிவில் பெயர் இல்லை. அந்த அறையில் இருந்த யாரும் உயிரோடு இல்லை. மற்ற அறைக்காரர்கள் நாளைக்கும் அங்கேதான் வேலைக்குப் போக வேண்டும், அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஆனால் காலையில் கேட்டில் நின்று எல்லோருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் போடுகிறவன் நான். எல்லாம் ஒரே மாதிரி போன் என்று பெண்கள் பின்னால் ஒட்டுப்பொட்டு ஒட்டி வைத்திருப்பார்கள். கருப்பம்மாள் போனில் பெரிய மெரூன் பொட்டு. வெடித்த பிறகு பெட்டி முழுக்க மணி அடித்தது. ஒவ்வொன்றாக அடங்கியும் மெரூன் பொட்டுப் போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. பெட்டியை முதலாளியின் ஆட்கள் தூக்கிப் போய்விட்டார்கள்.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. அதை எழுதாவிட்டாலும் தொடரின் முடிவை எழுது.

இப்படிக்கு,
உன் பெத்தணன்

*

ஆமத்தூர்
14.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

குருவம்மாள் எழுதுவது. வீட்டில் இருந்தவரைக்கும் சீரியல் பார்த்தால் “பொழப்பத்தவளா நீ” என்று என்னைத் திட்டியவர், இப்போது தொடரின் முடிவை எழுதச் சொல்கிறீர்கள். நல்ல ஆள்தான். உப்பு குறைந்தால் நல்லது, பிரஷர் ஏறாது.

வேல்விழி கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்திருக்கிறாள். “அப்பாகிட்ட நீ சொல்லாத, நான்தான் சொல்வேன்” என்றாள், அதனால் உங்களுக்கு இது தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேட்டுக்குக் காகிதக் குழாய் உருட்டும் வேலை வீட்டுக்கே வருகிறது, கையோடு முடித்துக் கொடுக்கிறேன். அம்மா இல்லாத வீட்டில் கருப்பம்மாள் மகள் மாடத்தி தனியாகக் கிடக்கிறாள். அச்சாபீஸ் வேலைக்குப் போகிறாள், வருகிறாள். “அத்தை, அத்தை” என்று அடுப்பங்கரை வரை வந்து குழம்பை ருசி பார்க்கிற பிள்ளை, இப்போது நம் வாசலைத் தாண்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். “போன் கொண்டுபோய் நாலு பேரைக் கொன்னவ மக” என்று டீக்கடையில் யாரோ சொல்லிவிட்டார்களாம். கருப்பம்மாளைத்தான் சொல்கிறார்கள்.

நேற்று அந்தத் தொடரை நானும் வேல்விழியும் பார்த்தோம். சொல்கிறேன், கேளுங்கள். அந்தப் பெண் பேனாவை எடுத்தாள் இல்லையா, எடுத்துக் கீழே வைத்துவிட்டாள். “அடியில ஒரு உசுரு இருக்கு, எனக்குப் பதில் சொல்லுச்சு, நான் எப்படி இல்லைன்னு எழுதுவேன்” என்று கேட்டாள். கேப்டன் கத்தினான். கூட இருந்தவர்கள் எல்லோரும் அவளைத் திட்டினார்கள். கடைசியில் வெறும் கப்பலோடு திரும்பினார்கள். ஊரில் அவளுக்கு மாலை போட ஆளில்லை. வேலையும் போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் மகள், “எனக்கு என்னம்மா வாங்கிட்டு வந்த?” என்று கேட்கிறாள். இவள் சாப்பாட்டு மேசையில் விரலால் இரண்டு தட்டு தட்டுகிறாள். அந்தப் பிள்ளையும் இரண்டு தட்டு தட்டுகிறது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

வக்கீல் சொன்னதற்கு நான் என்ன சொல்ல? போர்மேன் நீங்கள். போனை வாங்கிப் பெட்டியில் போட்டதும் நீங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
குருவம்மாள்

*

சிறை, மதுரை
29.9.2025

அன்புள்ள குருவம்மாளுக்கு,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்துவிட்டேன். அந்த மேசைத் தட்டு விஷயத்தை ஹாலில் எல்லோருக்கும் சொன்னேன். ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதிகாரி வந்தார். நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன். கருப்பம்மாள் சீசன் முழுக்க வேலைக்கு வந்தவள், அன்றைக்கும் வேலைக்குத்தான் வந்தாள், ஐந்தாவதாக உட்கார வைத்தார்கள், போனை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனாள் என்று எல்லாம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். முதலாளியின் வக்கீல் வெளியே நின்றிருந்தார். போகும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இனி நமக்கென்று ஒரு வக்கீலை நாம்தான் பார்க்க வேண்டும்.

பயமாகத்தான் இருக்கிறது. யார் வீட்டுப் பெண்ணோ, சினிமாக்காரி, அவளுக்கு இருந்த தைரியம் நமக்கு இல்லாமல் போகுமா என்று நினைத்துக்கொண்டேன். வேல்விழியிடம் அப்பா தீபாவளிக்கு வருவார் என்று சொல்லியிருந்தால், சொன்னதை மாற்றிச் சொல்.

இப்படிக்கு,
உன் பெத்தணன்

*

ஆமத்தூர்
9.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னது உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே ஊருக்குள் வந்துவிட்டது. குழாய் வேலை நின்றுவிட்டது. கொண்டுவந்து போடுகிற ஆள் சைக்கிளை நிறுத்தாமலே, “உங்களுக்கு இனிமே கிடையாதுக்கா” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான். நான் இங்கேயே ஒரு சத்துணவுக் கூடத்தில் காய் நறுக்கப் போகிறேன். கவலைப்பட வேண்டாம்.

முந்தாநாள் மாடத்தி வந்தாள். வாசலில் நின்றாள். உள்ளே வா என்றும் நான் கூப்பிடவில்லை. அவளே வந்து உட்கார்ந்து, “அத்தை, குழம்பு என்ன?” என்றாள். கத்தரிக்காய் என்றேன். சாப்பிட்டாள். அவள் போன பிறகு நான் அழுதேன், வேல்விழி பார்க்காமல்.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க விடுவார்களா? விட்டால் குளியுங்கள்.

இப்படிக்கு,
குருவம்மாள்

*

சிறை, மதுரை
22.10.2025

குருவம்மாளுக்கு,

ஜாமீன் மனு தள்ளுபடியாகிவிட்டது. அதைச் சொல்ல மட்டும் எழுதவில்லை.

தீபாவளி அன்று நாள் முழுக்க டிவி போட்டார்கள். வெளியே வெடிக்கிற வெடியை எல்லாம் இது இன்ன சரம், இது இன்ன பேன்சி என்று நான் பெயர் சொல்ல, கூட இருந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அந்தத் தொடரை மறுபடி போட்டான். நான்தான் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கடைசியில் மேசையில் தட்டுவாள், பாருங்கள் என்றேன்.

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். உயிர் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கப்பல் நிறைய உலோகத்தை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பெரிய வீடு. மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டது. மேசையும் இல்லை, தட்டும் இல்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏன் குருவம்மா இப்படிச் செய்தாய்? உண்மையைச் சொல்லுங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதாதா? சின்னப் பிள்ளைக்குக் கதை சொல்லிச் சோறு ஊட்டுவது மாதிரி என்னை ஏமாற்றியிருக்கிறாய். நான் என் புத்தியால் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். இப்போது அதுவும் இல்லை. அந்தக் கப்பல்காரி வீடு போய்ச் சேர்ந்தாள், நான் இங்கே கிடக்கிறேன். நான் வெளியே வருவதில் உனக்கு இஷ்டம் இல்லையா என்றுகூட யோசிக்கிறேன். இனிமேல் என்னைப் பார்க்க வராதே.

பெத்தணன்

*

ஆமத்தூர்
28.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஆமாம், பொய்தான் எழுதினேன். மறைக்க என்ன இருக்கிறது.

உண்மையைச் சொல்லுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. தீபாவளிக்குப் புருஷன் வீட்டுக்கு வரலாம் என்று இருக்கும்போது, வராதே, உள்ளேயே இரு என்று எந்தப் பெண்டாட்டி எழுதுவாள்? சொல்லாதீர்கள், வந்துவிடுங்கள் என்றும் ஒரு தாள் எழுதினேன். அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். நீங்கள் முடிவைக் கேட்டிருந்தீர்கள். எனக்கு வேண்டிய முடிவை எழுதினேன்.

நீங்கள் பார்த்ததில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மகளைக் கட்டிக்கொண்ட பிறகும் படம் முடியவில்லை. கடைசியாக அந்தப் பனியைக் காட்டினான். யாருமே இல்லை. அடியிலிருந்து இரண்டு தட்டு கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு. வேல்விழி என்னைப் பார்த்து, “ஏம்மா, யாருமே பதிலுக்குத் தட்டலையா?” என்று கேட்டாள். என் காதில் அந்த மெரூன் பொட்டுப் போன்தான் அடித்தது மாமா. வெடித்த அன்றைக்கு அந்தப் போனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது மாடத்தி. நம் வாசலில் நின்றுதான் கூப்பிட்டாள். “மணி போகுது அத்தை, அம்மா எடுக்க மாட்டேங்குது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரிய வெடிச் சத்தம் கேட்டு நான் கூப்பிட்டதும் நீங்கள் போனை எடுத்தீர்கள். அவளுக்கு எடுக்க ஆளில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு நீங்கள் வந்திருந்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும். அதுதான் எனக்குப் பயம். மாடத்தி வாசலைத் தாண்டும்போதெல்லாம் நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உங்களுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றியிருப்பேன். வருஷம் போனால் பழகியும் போயிருக்கும்.

நீங்கள் வருவதில் எனக்கு இஷ்டம் இல்லையா என்று கேட்டுவிட்டீர்கள். உங்கள் சட்டை இன்னும் கொடியில் கிடக்கிறது. துவைத்து மடித்து வைத்தால் ஊருக்குப் போன ஆள் மாதிரி ஆகிவிடும் என்று அப்படியே விட்டிருக்கிறேன். வேறு என்ன சொல்ல.

வராதே என்றால் இருந்துவிடுகிறவள் இல்லை நான். வருகிற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை வருவேன். உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள். வர மனசில்லை என்றால் வராதீர்கள். நேரம் முடிகிறவரை வலைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
குருவம்மாள்

*

சிறை, மதுரை
1.11.2025

குருவம்மாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோபம் தீரவில்லை. சீக்கிரம் தீரும் என்றும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை வரும்போது மாடத்தியைக் கூட்டிக்கொண்டு வா. வர மாட்டேன் என்றால் நான் கூப்பிட்டதாகச் சொல். அவள் அம்மா அன்று காலையில் போனைக் கொடுக்கும்போது, “எம்மக கூப்புடுவா, மணி அடிச்சா நான் வேலையா இருக்கேன்னு சொல்லிருங்கண்ணே” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள். நான் அந்தப் போனை எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் பெட்டி முன்னால் நின்றேன். கருப்பம்மாள் சொன்னதை நான் அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். அதிகாரியிடம் சொன்னது பத்தாது.

அவளை முன்னால் நிற்க விடு. கூட்டத்தில் கத்தித்தான் பேச வேண்டும், அவளுக்கு என் குரல் கேட்க வேண்டும். உன்னோடு அன்றைக்கு நான் பேச மாட்டேன். நீ பின்னால் நின்று, சத்தம் அடங்குகிற நேரம் பார்த்துக் கம்பியில் இரண்டு தட்டு தட்டு.

பெத்தணன்