கைகுலுக்கல்களை நம்பியவருக்கு

நம் ஆனையூரில் வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவு ஒன்று எடுக்கப்பட்டிருப்பதை உங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை. இலங்கைத் தமிழர் முகாமின் வாசலில் உள்ள பெயர்ப்பலகை இனி நீல நிறத்தில் இருக்காது. பச்சை நிறத்தில் இருக்கும். இதற்காக உயர்மட்டத்தில் கலந்தாய்வு நடந்ததாகவும், ஒரு கட்டத்தில் மஞ்சள் தீவிரமாகப் பரிசீலிக்கப்பட்டதாகவும், அண்டை நாட்டின் உணர்வுகளைக் கருதி அது கைவிடப்பட்டதாகவும் டீக்கடையில் சொன்னார்கள். காலையில் அந்தப் பக்கம் போனபோது எனாமல் வாசனையும் டர்பன்டைன் வாசனையும் தெருவை அடைத்து நின்றன. எழுதியவன் கோடு போடாமலே எழுதியிருக்கிறான். 'மறுவாழ்வு' என்ற சொல் வலப்பக்கம் சரிந்து கிடக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் அவனை ஏணியிலிருந்து இறக்கிவிட்டிருப்பீர்கள்.

அந்த வாசனையோடுதான் நீங்கள் முதன்முதலில் என் வீட்டுக்குள் வந்தீர்கள். சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் தரையில் சொட்டாமலிருக்க, விரிப்பதற்குப் பழைய செய்தித்தாள்களைக் கொடுத்தேன். கல்லூரியில் சர்வதேச உறவுகள் பாடம் நடத்துகிறவன் வீட்டில் அதற்கா பஞ்சம்? மதியம் வந்து பார்த்தால் சினிமாப் பக்கமும் விளையாட்டுப் பக்கமும் தரையில் கிடந்தன. வெளிநாட்டுச் செய்திப் பக்கங்களை மட்டும் பிரித்து ஜன்னலோரம் அடுக்கி வைத்திருந்தீர்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இந்தியத் தலைவரும் இலங்கைத் தலைவரும் கைகுலுக்கும் படம்.

"சார், இதக் கவனிச்சீங்களா? நம்ம ஆளு ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்காரு. போன தடவ ஒத்தக் கைதான்."

"நம்ம ஆளுன்னா யாரு, இவரா அவரா?"

"எவர் நமக்கு ஆகுறாரோ அவர் சார்."

"ரெண்டு கையால பிடிச்சா என்ன?"

"வாத்தியாரு நீங்களே இப்பிடிக் கேட்டா எப்பிடி? நெருக்கம் கூடியிருக்குல்ல?"

படம் எடுத்து முடிக்கும்வரை சிரித்துக்கொண்டிருக்கும் திறமைக்குத்தான் ராஜதந்திரம் என்று பெயர் என, பணிக்காலம் முழுக்க மாணவர்களிடம் சொல்லி வந்தவன் நான். உங்களிடமும் சொன்னேன். நீங்கள் பட்டி பார்த்த சுவரை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே, "உங்களுக்கு நம்பிக்கை பத்தாது சார்" என்றீர்கள்.

நம்பிக்கை வைக்க உங்களுக்கு என்ன காரணம் இருந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. உங்கள் தாத்தா உசிலம்பட்டிக்கு மேற்கே, அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர். மழை பொய்த்த ஒரு வருடத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறினார். அந்தத் தீவு விடுதலை அடைந்த கையோடு, இவர்கள் எங்கள் குடிமக்கள் அல்ல என்றது. இந்தியாவும் பெரிய மனது பண்ணி, எங்களுக்கும் அல்ல என்றது. பிறகு இரு நாட்டுத் தலைவர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து, இத்தனை லட்சம் பேர் உங்களுக்கு, இத்தனை லட்சம் பேர் எங்களுக்கு, மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்று பிரித்துக்கொண்டார்கள். பரவை மார்க்கெட்டில் கத்தரிக்காய் மூட்டையைப் பங்கு போடுகிறவர்கள்கூட ஒருமுறை அவிழ்த்துப் பார்ப்பார்கள். உங்கள் குடும்பம் இலங்கையின் பங்கில் விழுந்தது. அப்புறம் கலவரம். மலையிலிருந்து வவுனியா, வவுனியாவிலிருந்து மன்னார், அங்கிருந்து படகு. தாத்தா புறப்பட்டுப்போன அதே மதுரைச் சீமைக்குப் பேரன் வந்து இறங்கியபோது, சட்டப்படி நீங்கள் அந்நியர், இருப்பிடம் அந்த முகாம்.

ஒருநாள் இருவரும் உசிலம்பட்டிக்கு பஸ்ஸில் போனோம். உங்கள் தாத்தாவின் தங்கை வழிப் பேரன் சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்களை யாரென்று சொன்னதும் மாட்டை விட்டுவிட்டார்.

"மாப்ள, இம்புட்டு வருசமா பக்கத்துல இருந்துக்கிட்டு வராம இருந்திருக்கீரு! ராத்திரி தங்கிட்டுத்தான் போகணும். கறி எடுக்கச் சொல்றேன்."

"இல்ல மாப்ள, இன்னைக்கு ஆள் எண்ணுற நாள். சாயங்காலத்துக்குள்ள போயி மொகத்தக் காட்டிக் கையெழுத்துப் போடணும்."

"யாருகிட்ட, பொண்டாட்டிகிட்டயா?"

சந்தையே சிரித்தது. எல்லாரையும்விட நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள். கறி சாப்பிடாமல் திரும்பினோம்.

உங்களுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். மலையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தனியாக இருந்த உங்கள் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அவருக்கு நீங்கள் ஒரே பிள்ளை. திரும்புவதில்தான் சிக்கல். ஒரேயடியாகப் போவதென்றால் அனுப்பிவைக்க ஏற்பாடு இருந்தது. ஆனால் போனவர் இந்தப் பக்கம் மறுபடி கால் வைக்க முடியாது. இந்தப் பக்கம் மனைவி இருந்தார். ஆனையூரிலேயே பிறந்து வளர்ந்த மகள் இருந்தாள். ஆகவே இரண்டு அரசுகளும் பேசி ஒரு வழி செய்யும் என்று காத்திருந்தீர்கள். அங்கிருந்து தலைவர் யாராவது டெல்லியில் வந்து இறங்கும் நாளில் வேலைக்குப் போக மாட்டீர்கள். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள். உங்கள் மனைவி என்னிடம் புகார் சொல்வார்: "இவருக்கு நெனப்பு டெல்லில, பொழப்பு ஏணில. நீங்களாவது புத்தி சொல்லுங்க சார்."

நான் சொன்ன புத்தி, உங்களை ஒரு கருத்தரங்குக்கு அழைத்துப் போனது. இரு நாட்டு உறவுகள் பற்றி, மதுரையில் ஒரு குளிரூட்டிய ஓட்டலில். நானும் பேச்சாளன். ஓய்வுபெற்ற தூதர் ஒருவர் துறைமுகம், மூன்றாம் நாட்டுக் கப்பல், கடலடி மின்கம்பி என்று ஒரு மணி நேரம் பேசினார். கேள்வி நேரத்தில் எழுந்தீர்கள். "எங்கம்மாவப் பார்த்துட்டு வாரதுக்கு இதுல எதுவும் வழி இருக்குங்களா ஐயா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மிக நல்ல கேள்வி. இதை இந்தியப் பெருங்கடலின் பரந்த பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்" என்று தொடங்கி, அதைப் பெருங்கடலிலேயே போட்டுவிட்டு, சாப்பிடப் போனார். எனக்குக் கூசியது. நீங்களோ பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே சொன்னீர்கள்: "மிக நல்ல கேள்வின்னு சொன்னாரே சார்!"

அப்புறம் கப்பல் விட்டார்கள். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே, நூற்றாண்டுக் கால உறவைப் புதுப்பிக்க. கொடியசைக்கத்தான் எத்தனை கைகள்! அன்றே அம்மாவுக்கு போன் செய்தீர்கள். நான் பக்கத்தில் இருந்தேன். "எப்ப வாரே?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது. கப்பலில் போய்த் திரும்ப இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு இந்தியக் குடியுரிமை வேண்டும். குடியுரிமை கேட்டால், அனுமதியின்றி வந்தவர் என்றார்கள். உயிர் தப்பிப் படகில் வந்தவரிடம் விசா இல்லாததை இத்தனை வருடம் கழித்தும் மறக்காத அந்த ஞாபகசக்தியை நான் மெச்சுகிறேன். அது தாத்தாவின் ஊரை மட்டும் எப்படியோ மறந்துவிட்டது.

அம்மா படுக்கையில் விழுந்ததும் நீங்கள் முடிவெடுத்தீர்கள், ஒரேயடியாகப் போவதென்று. உங்கள் மனைவி அழவில்லை. "போங்க. பெத்தவ கெடக்கா. நாங்க எப்பிடியும் இருந்துக்கிறோம்" என்று பையை அவரே கட்டி வைத்தார். பயண நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின வாரம் இரு தலைவர்களும் சந்தித்தார்கள். நீங்கள் போனில் கத்தினீர்கள்.

"சார், கட்டிப் பிடிச்சிட்டாங்க சார்! கையெல்லாம் இல்ல, கட்டியே பிடிச்சிட்டாங்க!"

கூட்டறிக்கையை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். துறைமுகம் இருந்தது, மின்சாரம் இருந்தது, மீனவருக்கு ஒரு வாக்கியம் இருந்தது. உங்களைப் போன்றவர்கள் ஒரு சொல்லில்கூட இல்லை. நீங்கள் அசரவில்லை. "எழுதாம விட்டதுதான் முக்கியமாம் சார். அத உள்ளுக்குள்ள பேசியிருப்பாங்க. இம்புட்டு நாள் பொறுத்தாச்சு, இன்னும் கொஞ்சம் பொறுப்போம். போயிட்டு வாரது மாதிரியே ஆயிடும்."

பயணத்தை நிறுத்திவிட்டீர்கள். உங்கள் மனைவி பையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டார்.

அந்த ஐப்பசியில், செல்லூரில் ஒரு வீட்டுக்கு இரண்டாவது கோட்டிங் அடித்துவிட்டு இறங்கியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை தாங்கவில்லை.

உங்களிடமிருந்து என்னிடம் ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று இருக்கிறது. செய்தித்தாளில் அந்தப் படங்கள் வந்தால் முகங்களைப் பார்ப்பதில்லை, நேராகக் கைகளுக்குப் போகிறேன். ஒற்றைக் கையா இரண்டு கையா என்று பார்க்கிறேன். நெருக்கம் எதுவும் தெரியவில்லை. கைக்கடிகாரங்கள் தெரிகின்றன. நல்ல கடிகாரங்கள். ஆனாலும் பக்கத்தைத் திருப்ப ஒரு நிமிடம் ஆகிறது.

உங்கள் சாவை உங்கள் அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அவர் போனில் கேட்கும்போதெல்லாம் உங்கள் மகள், "பேச்சுவார்த்தை நடக்குது அப்பத்தா" என்று சொல்லிவந்தாள். தை மாதம் அவர் காலமானார். கொள்ளி வைத்தவர் பக்கத்து லயத்துக்காரர்.